சங்கு இறங்கும் பலகை

தூத்துக்குடி
22-12-1946

கொழும்பில் அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் காக்கா செய்கு அப்துல் காதிர் அவர்களுக்கு, தங்கை பாத்துமுத்து சலாம் சொல்லி எழுதுவது. நானும் உம்மாவும் இருக்கிறோம். உம்மாவுக்கு இடது கண் மங்கிவிட்டது, மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகமும் மைனி பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

உங்கள் ஆறுதல் கடிதம் வந்தது. வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் வகுப்புப் படிப்பு என்பதால் மட்டும் இல்லை. மச்சான் மௌத்தாகி அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். அந்த மழையில் எந்தத் தோணி ஓடியது?

மாப்பிள்ளையை இழந்தவளாக இத்தா இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாளும் இந்த வீடும் பின்முற்றமும்தான். வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது காதில் விழத்தானே செய்யும். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டால், ஒருத்தர் எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார் என்று நன்றாகத் தெரிகிறது காக்கா. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட லாரியை மச்சானும் பரதவர் தெரு இஞ்ஞாசியும் கூட்டாக எடுத்தது உங்களுக்குத் தெரியும். இஞ்ஞாசி உப்பு ஏற்றி ஓட்டுவார். கல்யாண நாளில் அதே லாரியில் நம்முடைய வெள்ளைக் குதிரை சங்கை ஏற்றிக்கொண்டு மச்சான் போவார். மாப்பிள்ளை ஏறுகிற குதிரை வேம்பார் வரைக்கும் நடந்து போனால் புழுதியும் வேர்வையுமாகப் போய் நிற்கும், லாரியில் போனால் வெள்ளையாகவே இறங்கும் என்பார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் ஞாயிறு வேம்பார்க் கல்யாணத்துக்கு அப்படித்தான் போனார்கள். அஸர் தொழுகை முடிந்த நேரம். லாரியின் பின்கதவைத் திறந்து, பலகை சாய்த்து, குதிரையைப் பின்னடியாக இறக்கும்போது அது ஒரே பாய்ச்சலாகப் பின்னால் வந்து விழுந்ததாம். மச்சான் பின்னால் நின்றாராம். தலை கல்லில் பட்டதாம். மறுநாள் காலையில்தான் எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேருகிற வரைக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது இஞ்ஞாசி ஒருத்தர்தான். நான் போனபிறகு மச்சான் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

எல்லாம் ‘ஆம்’ ‘ஆம்’ என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் எல்லாம் இஞ்ஞாசி சொன்னது.

முதல் நாள் கேட்டபோது குதிரையின் தலைக்கயிற்றைத் தான் பிடித்திருந்ததாகச் சொன்னார். பத்தாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவர்களிடம், பின்கதவுக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், இரண்டும் கேட்டேன். குதிரை எதற்குப் பயந்தது என்று உம்மா கேட்டார்கள். அது வாயில்லா ஜீவன், நான் என்னத்தைச் சொல்ல என்றார்.

இன்னொன்று. குதிரைக்குப் போட்ட சேணம், சலங்கை, முதுகுப் பட்டு எல்லாம் திரும்பி வந்தது. முகப்பட்டு மட்டும் வரவில்லை. அந்தக் கல்யாணத்துக்கென்று நான் இருபது நாள் உட்கார்ந்து வெள்ளிச் சரிகை வைத்துத் தைத்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் சீனிவெடிக்கும் குதிரை மிரளாமல் நேரே பார்த்து நடக்கட்டும் என்று கண்ணுக்கு மட்டும் சின்ன ஓட்டை விட்டிருந்தேன். அது எங்கே என்று உம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். கூட்டத்தில் தொலைந்துவிட்டது என்றார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சரிகைக்கு ஆசைப்பட்டவர் வேறு எதற்குத்தான் ஆசைப்படமாட்டார்?

இப்போது குதிரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, விற்றுவிடுங்கள் என்கிறார். ஏரலில் ஒரு வண்டிக்காரர் கேட்கிறாராம், அந்த ஆளையும் இவரே கொண்டுவருகிறார். குதிரை போய்விட்டால் முழு லாரியும் உப்புக்குத்தானே ஓடும்? நான் விற்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

காக்கா, நீங்கள் இருபது வருஷமாகப் பந்தயக் குதிரை லாயத்தில் இருக்கிறீர்கள். குதிரையை லாரியிலிருந்து மிரளாமல் இறங்கப் பழக்குவது எப்படி என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சங்கு என் கையில் நிதானமாக இறங்கிவிட்டால் குற்றம் குதிரையிடம் இல்லை. அப்போது குற்றம் ஒரு மனுஷனிடம் இருக்கிறது. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துஆவை எதிர்பார்க்கும்
தங்கை பாத்துமுத்து


தூத்துக்குடி
2-2-1947

பாசமுள்ள காக்காவுக்குத் தங்கை சலாம். உம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய கண் மருந்து கிடைத்தது. போட்டால் எரிகிறது என்று திட்டுகிறார்கள், ஆனால் தினமும் அவர்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் குதிரை பழக்க எழுதியதை நாலைந்து தடவை வாசித்தேன். நீங்கள் சொன்னபடியே லாரியில் தொடங்காமல் தரையில் தொடங்கினேன். பழைய கதவு ஒன்றை முற்றத்தில் போட்டு அதன்மேல் சங்கை நிற்க வைத்தேன். குளம்புச் சத்தம் கேட்டுக் காதை மடக்கியது. ஊறவைத்த கொள்ளு ஒரு கைப்பிடி கொடுத்தேன். மூன்றாம் நாள் கொள்ளு இல்லாமலே நின்றது. பிறகு அதன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து, பைய பைய என்று சொல்லி ஓரடி பின்னால் எடுக்க வைத்தேன். ஓரடிதான். உடனே முன்னால் கூட்டிவந்து தடவிக்கொடுத்தேன். பிறகு கதவுக்கடியில் பனந்துண்டு வைத்து ஒரு சாண் உயர்த்தினேன். பின்னங்கால் விளிம்பைத் தடவிப் பார்க்கும் வரைக்கும் கயிற்றை இழுக்காதே, இழுத்தால் தலையைத் தூக்கும், தலையைத் தூக்கினால் பின்னால் பாயும் என்று எழுதியிருந்தீர்களே, அது அப்படியே சரி. இப்போது விளிம்பில் காலைத் தொங்கவிட்டு நின்று, தரையைத் தேடி வைக்கிறது. எனக்கே ஆச்சரியம்.

அடுத்த வீட்டு ஹாஜரா பீவி ஓலை வேலி வழியாகப் பார்த்துவிட்டு, இத்தாவில் இருக்கிறவள் குதிரையோடு கொஞ்சுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வீட்டு மிருகத்துக்குத் தீனி போடுவதிலும் பழக்குவதிலும் என்ன தடை, அந்தக் குதிரையா வந்து அவளைப் பெண் கேட்கப்போகிறது என்று சொல்லி அனுப்பினாராம். மச்சான் போனபிறகு உம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி முக்கியமான விஷயம். இஞ்ஞாசி கொழும்புக்கு வந்துவிட்டார். நான் சந்தேகப்பட்டது எப்படியோ வெளியே போயிருக்கிறது. உப்பளத்துக்காரர்கள், கூட்டாளியைக் கொன்றவன் லாரியில் உப்பு ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாதே என்றும் யாரிடமும் சொல்லவில்லை. போகிறதற்கு முன்பு லாரியைக் கொண்டுவந்து நம் பின்முற்றத்தில் நிறுத்திவிட்டு, இதில் உங்க பங்கும் இருக்கு என்று உம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். கதவுக்கு வெளியே வந்து நின்று, தொண்டையைச் செருமினார். என்னமோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. செருப்புச் சத்தம் போய்விட்டது.

குற்றமில்லாதவன் ஏன் ஊரை விட்டு ஓடவேண்டும்? கதவு வரைக்கும் வந்தவன் வாயில் என்ன இருந்தது? காக்கா, அவர் துறைமுகத்தில்தான் கூலிக்கு நிற்பார். உங்களுக்கு அங்கே கங்காணிமாரையும் தெரியும், மற்ற ஆட்களையும் தெரியும். அவரை விடாதீர்கள். உண்மையை வாங்குங்கள். எப்படி வாங்குவீர்களோ எனக்குத் தெரியாது, வாங்குங்கள்.

அவர் பெண்சாதி பிரகாசியம்மாள் மறுநாளே வந்தாள். பெண்பிள்ளை என்பதால் நேரே முற்றத்துக்கு வந்துவிட்டாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏளா பாத்துமுத்து, உனக்கு மாப்பிள்ள இல்லாமப் போனா எனக்கும் இருக்கக் கூடாதோ?”

அவள் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தாள். எங்கள் பாதி லாரி இங்கே நிற்கிறது, நீங்கள் பழைய இரும்பு விலைக்கு ராத்தலாக விற்றுவிட்டால் என்ன செய்வது, தினமும் வந்து பார்ப்பேன் என்றாள். பார்த்துக்கொள் என்றேன். அன்றிலிருந்து மீன் விற்று முடித்து தினமும் வருகிறாள். லாரிப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறாள். நான் அவளையே பார்க்கிறேன். நடுவில் குதிரை பின்னால் ஓரடி வைக்கிறது.

நேற்று சங்கை முதன்முதலாக லாரியில் ஏற்றினேன். பலகையில் பின்னங்கால் வைத்ததும் பலகை ஆடியது. நான் ஒருத்தி, தலையைப் பிடிப்பேனா, பலகையைப் பிடிப்பேனா? பிரகாசி எழுந்து வந்து, பலகையின் தலைமாட்டு ஓரத்தில் தன் பாரத்தை எல்லாம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சங்கு இறங்கிவிட்டது. அவள் சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். இவள் எதற்கு உதவுகிறாள்? என்னை நல்லபடியாக வைத்துக்கொண்டால் அவள் புருஷனை நான் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போடுகிறாளோ?

பதில் சீக்கிரம் எழுதவும்.

தங்கை பாத்துமுத்து


தூத்துக்குடி
16-3-1947

காக்கா அவர்களுக்குத் தங்கை பாத்துமுத்து சலாம். எல்லா நலமும் பிறகு. இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் கடைசி வரைக்கும் வாசியுங்கள், வேலையைப் போட்டுவிட்டு வாசியுங்கள். நாளைக் காலையில் புறப்படுகிற தோணிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தந்தி கொடுக்கவும் ஆள் போயிருக்கிறது. அதில் இஞ்ஞாசியைத் தொடவேண்டாம் என்று மட்டும்தான் இருக்கும். காரணம் இதில் இருக்கிறது.

சங்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏற்றி இறக்குவேன். பலகையில் இரண்டு பின்னங்காலையும் வைத்துவிட்டு, பாதியில் நின்று, நான் பைய என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைக்கும். நானும் பிரகாசியும் ஆளுக்கொரு பக்கமாக நிற்போம். பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதை அவளுக்கும் வாசித்துக் காட்டியிருந்தேன். பேச்சு அதிகம் இல்லை. ஒருநாள் அவள் சீலா மீன் துண்டம் கொண்டுவந்தாள், மறுநாள் அவள் கூடையில் நான் ரெண்டு முட்டையை வைத்தேன். அவ்வளவுதான். உள்ளுக்குள் நான், பார்த்தாயா, குதிரை தங்கமாக இறங்குகிறது, அப்படியானால் உன் புருஷன்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் இத்தா முடிகிறது. காயல்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து குதிரை கேட்டு உம்மாவிடம் வந்தார்கள். மச்சானுடைய தம்பி குதிரையைக் கொண்டுபோகிறேன் என்றிருக்கிறார். குதிரை அலங்காரத்தோடேயே லாரியிலிருந்து இறங்கவேண்டும் என்று கேட்டார்கள். வேம்பாரில் அப்படி இறங்கப்போகிறது என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சாம். அதனால் வேறு முகப்பட்டு தைத்தேன். பழைய அளவு எழுதிய காகிதம் தையல் பெட்டியில் இருந்தது. அதே துணி, அதே சரிகை, அதே கண் ஓட்டை.

நேற்று மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அதைப் போட்டுப் பார்த்தோம். லாரிக்குள் போகும்போது ஒன்றும் இல்லை, முன்னால் பார்த்து நடந்து ஏறிவிட்டது. நெஞ்சில் விரலை வைத்துப் பைய என்றேன். ஓரடி வைத்தது. பின்னங்கால் விளிம்புக்கு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்க முகத்தை ஆட்டியது, காலைத் தூக்கியபடியே வைத்திருந்தது, உடம்பெல்லாம் நடுங்கியது. பிறகு ஒரே பாய்ச்சல். பலகை பிளந்து ஒரு துண்டு வேலி வரைக்கும் போய் விழுந்தது. பின்னால் யாரும் இல்லை. அல்லாஹ் காப்பாற்றினான். முற்றத்து மூலையில் போய் முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றது. நான் போய் முகப்பட்டை உருவினேன். உருவிய கையோடு மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தி என் தோளில் வைத்தது. ஒன்றரை மாதம் பழகிய அதே சங்கு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லை, விளங்கியது, நம்ப முடியவில்லை. அந்த முகப்பட்டை என் முகத்தில் போட்டுக்கொண்டு லாரிக்குள் ஏறினேன், பிரகாசியும் கூட ஏறினாள். நேரே இருக்கிற லாரிப் பலகைச் சுவர் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. பக்கம் இல்லை, கீழே இல்லை, பின்னால் என்ன இருக்கிறது என்று மோந்து பார்க்கக்கூட முடியாது. ஓரடி பின்னால் வைத்தேன். தரையே இல்லாத இடத்தில் கால் வைப்பதுபோல இருந்தது. பிரகாசி என் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

கீழே இறங்கி அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை காக்கா. தலையைக் குனிந்துகொண்டாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லலை, நீயாகத்தான் கண்டாய், அதை மாதா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முதலில் சொன்னாள். பிறகுதான் சொன்னாள்.

வேம்பாரில் இறக்குமுன் இஞ்ஞாசி, முகத்தில் இருக்கிறதைக் கழற்றிவிட்டு இறக்குவோம், தரையில் வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றாராம். மச்சான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி கண்ணு போகத் தைத்தது, இறங்கும்போதே ஊர் பார்க்கட்டும் என்றாராம். பின்கதவுக் கொக்கியைக் கழற்றிவிட்டு வந்த இஞ்ஞாசியிடம் தலைக்கயிற்றைக் கொடுத்துவிட்டு, பின்னங்காலைப் பலகைக்கு வழிகாட்டத் தானே பின்னால் போய் நின்றிருக்கிறார். அது பாய்ந்ததும் இஞ்ஞாசி கயிற்றை விட்டுவிட்டுப் பின்கதவுப் பக்கம் ஓடியிருக்கிறார். முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார் என்றேனே, இரண்டும் உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் மச்சானுக்கு நினைவு இருந்திருக்கிறது. பிரகாசி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்ற எனக்குக் கை வரவில்லை:

“இவரு கையப் புடிச்சுக்கிட்டு, ‘அது அவ தைச்சது, தெரிஞ்சா பொறவு அவ இருக்க மாட்டா, எங்கனயாவது கடல்ல போட்டுரு, ஒரு நாளும் சொல்லாத’ன்னாராம். இவரு மாதா மேல சத்தியம் பண்ணிட்டாரு. எங்கிட்டயே தோணி ஏறுத அன்னைக்குத்தான் சொன்னாரு, பாத்துமுத்து.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. நானும் அழவில்லை. உடைந்த பலகையின் இரண்டு துண்டையும் சேர்த்து எடுத்து லாரிக்கடியில் வைத்தோம். என்னைத் திட்டு என்றேன். திட்டி என்ன, அவர் வரட்டும் என்றாள். அவர் வரட்டும் என்பதை அவள் சொன்ன விதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் வரைக்கும் வாரம் ஒரு கார்டு போட்டுக்கொண்டிருந்தாராம். மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லையாம்.

காக்கா, போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. அதில் குதிரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். இஞ்ஞாசியைப் பற்றி ஒரே வரி. இனி அவனைப் பற்றி நீ யோசிக்கவேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யோசிக்கவேண்டியதில்லை என்றால் என்ன காக்கா? அவருக்கு வேலை கிடைக்காமல் செய்தீர்களா? ஆள் வைத்து மிரட்டினீர்களா? அல்லது அவர் உங்களிடம் வந்து பேசி, எல்லாம் சரியாகிவிட்டதா? ஏன் விவரமாக எழுதவில்லை? குதிரையின் நெஞ்சில் எத்தனை விரல் வைக்கவேண்டும் என்று வரைக்கும் எழுதுகிற நீங்கள் இதை மட்டும் ஒரு வரியில் ஏன் முடித்தீர்கள்?

உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. உண்மையை வாங்குங்கள், எப்படி வாங்குவீர்களோ எனக்குத் தெரியாது என்று எழுதியவள் நான்தானே.

பிரகாசியிடம் உங்கள் வரியைக் காட்டவில்லை. இன்றைக்கும் வந்தாள். கல்யாணத்துக்கு முகப்பட்டு இல்லாமல் போகட்டும், தரையில் இறங்கின பிறகு ஒரு மாலை போட்டால் போதும் என்று உம்மாவை விட்டுக் காயல்பட்டணத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். புதுப் பலகைக்கு அவளே ஆள் சொல்லியிருக்கிறாள். அவர் வந்தால் ஓட்டுவார், லாரிக்கு எண்ணெய் போட்டுவைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

எனக்குப் பெரிய பதில் வேண்டாம். உங்களைக் கோபிக்கவும் மாட்டேன். எங்கே இருந்தாலும் இஞ்ஞாசி அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கார்டில் அவர் கையாலேயே ஒரு வரி எழுதி வாங்கி அனுப்புங்கள். என்ன எழுதினாலும் சரி. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. பெண்சாதிக்கு அவருடைய எழுத்து தெரியும்.

அல்லாஹ் உங்கள் கையை எல்லாப் பாவத்திலிருந்தும் காப்பாற்றியிருக்கவேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும்

உங்கள் தங்கை
பாத்துமுத்து